பதின்மூன்று இலக்கத் தாலாட்டு

2025 மே 5
புத்தகம் வந்துவிட்டது! வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்காக நான் எழுதிய சட்டக் கையேடு. அட்டையில் என் பெயர், சட்டத்தரணி யசோதினி. கல்லடிப் பாலத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்தி மூன்று தரம் திறந்து பார்த்தேன். நாற்பத்தொரு வயது, வெட்கமே இல்லை.

மே 10
ஏறாவூரில் வகுப்பு. முப்பது பெண்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் உதவி நிலையத்தின் நம்பர், கொட்டை எழுத்தில். ஆபத்து என்றால் உடனே எடுங்கள் என்று முழங்கினேன். பின்வரிசையில் றபீக்கா சிரித்தார். வளைகுடாவில் எட்டு வருடம் வேலை செய்து, முதுகில் சூட்டுத் தழும்போடு திரும்பியவர். அவருடைய வழக்கை நான்தான் பேசினேன்.

"மிஸ், போய் இறங்கினதும் போனையும் புத்தகத்தையும்தான் முதல்ல பறிப்பாங்க. மறுகா இந்த நம்பர் சைபர் ஏழு எண்டு தொடங்குது. அங்க இருந்து இது போகாது. அந்தச் சைபர எடுத்துட்டு முன்னுக்கு சைபர் சைபர் ஒம்பது நாலு போடணும்."

ஐந்நூறு பிரதி அச்சடித்தாயிற்று! பதினைந்து வருடமாக இதே வழக்குகள்தான் பேசுகிறேன். வெளிநாட்டில் நின்று ஊருக்கு ஒரு கோல் எடுத்துப் பார்த்ததில்லை.

மே 11
கோபம் போகவில்லை. என்மேல்தான்.

மே 17
இன்றைக்கு றபீக்காதான் வகுப்பு எடுத்தார். பதின்மூன்று இலக்கத்தையும் தாலாட்டில் போட்டுவிட்டார்! "புள்ளைய ஆட்டுற மாதிரிப் பாடினா அந்த வீட்டு மேடம் ஒண்டும் சொல்லமாட்டா." முப்பது பேரும் வெறுங்கையை ஆட்டி ஆட்டிப் பாட, கூடம் அதிர்ந்தது. இருபத்திரண்டு வயது ஹப்ஸாவுக்குத்தான் பெரிய குரல். மாதக் கடைசியில் போகிறாள், குழந்தை பார்க்கும் வேலைக்கு. நான் பாடவில்லை. பின்னால் நின்று எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். சட்டக் கல்லூரியில் இப்படி ஒரு வகுப்பு எனக்குக் கிடைத்ததா? எங்கே!

ஜூன் 28
ஹப்ஸாவின் உம்மா வந்தார். அவள் போய் ஒரு மாதம். பத்தாம் நாளோடு பேச்சே இல்லையாம். "என்ட புள்ள உசிரோட இரிக்காளா மிஸ்?" வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் தூதரகத்துக்கும் முறைப்பாடு அனுப்பினேன். வேலை செய்யும் வீட்டு முகவரி ஒருவரிடமும் இல்லை. ஏஜென்ட் போனை நிறுத்தி வைத்திருக்கிறான். பாவி.

ஜூலை 9
வழக்கு முடிந்து கோட்டிலிருந்து வெளியே வந்து போனை ஓன் பண்ணினால் விதுர்ஷாவின் எட்டு மிஸ்ட் கோல். நிலையத்தில் போன் எடுப்பவள் அவள். "அக்கா, சுறுக்கா வாங்க, ஹப்ஸா இரிக்கிற இடம் தெரிஞ்சிட்டு!"

கோல் எடுத்தது ஹப்ஸா இல்லை. புஸ்பம் என்று சித்தாண்டிப் பெண், அங்கே பக்கத்து வீட்டில் வேலை. மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும்போது அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து தமிழில் தாலாட்டுக் கேட்டதாம். "ஆராரோவுக்குள்ள நம்பரா வருது மிஸ். மூணு நாளா அதே நம்பர்தான். நாலாம் நாள் பேரைக் கேட்டன், ஹப்ஸா எண்டாள். நம்பரைக் கையில எழுதிட்டு வந்து எடுக்கிறன்." முகவரியும் சொன்னார்!

ஐயோ, எழுத்தெல்லாம் கோணல். தூதரகத்துக்குச் சொல்லியாயிற்று. போவார்களா? போகத்தான் வேண்டும்.

ஜூலை 12
ஹப்ஸாவை மீட்டுவிட்டார்கள்!! தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் இருக்கிறாள். கை முறிந்திருக்கிறது, ஆனால் இருக்கிறாள். உம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், நானும் அழுதேன். பிறகு வட்டிலப்பம் தந்தார். மூன்று துண்டு சாப்பிட்டேன்.

ஓகஸ்ட் 30
திரும்பவும் ஏறாவூர். புதிய பெண்கள். முன்னால் நின்று வகுப்பு எடுப்பவள், கையில் கட்டோடு ஊர் திரும்பிய ஹப்ஸா. வழக்குப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் போனால், "முதல்ல வகுப்பு" என்றாள். "பின்னுக்கு நிக்க வேணாம் மிஸ். நீங்களும் வந்து இரிங்க."

இருந்தேன். ஒவ்வொருவராகப் பாடச் சொன்னாள். என் முறை வந்தது. என் நிலையத்தின் நம்பர், நானே அச்சடித்த நம்பர் - ஏழாவது இலக்கத்தில் நின்றுவிட்டேன். கை தானாகக் கொப்பியைத் தேடியது. கூடமே சிரித்தது.

ஹப்ஸா சிரிக்கவில்லை. வந்து கொப்பியை வாங்கி மூடினாள்.

"திருப்பிப் பாடுங்க மிஸ். அங்க கொப்பி இரிக்காது."