அப்பாவின் எண்

பிப்ரவரி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதத்துக்குள் நீங்கள் வைத்த நோட்டுகள் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் ரொக்கத்தை யாரும் தொடுவதில்லை. தேநீர்க் கடையில் நீட்டினேன். "சில்லறைக்கு நான் எங்கம்மா போவேன்? போனைக் காட்டிட்டுப் போ" என்றார் கடைக்காரர். தோழிகள் சிரித்தார்கள். இனி அப்பா நம் மூவர் பெயரிலும் எனக்காகத் திறந்த கூட்டுக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள்.

உங்கள் மகள்

பிப்ரவரி 19, 2023

அன்பு மகளுக்கு,

போட்டுவிட்டேன். அந்தக் கணக்கு அப்பாவின் எண்ணோடு இணைந்தது. நீ எங்கே பணம் செலுத்தினாலும் அவருடைய கைபேசி ஒலிக்கிறது. அவர் போனபின் அணைத்து வைத்திருந்ததைச் சார்ஜ் போட்டு, அவர் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டுத் தையற்காரி, "என்ன டீச்சர், சார் போயும் சார் போனுக்கு ஓய்வில்லையா?" என்கிறாள்.

காலை எட்டு பத்துக்குத் தேநீர். பிறகு ஒரு மணிவரை ஒன்றுமில்லை. காலையில் சாப்பிடுவதில்லையா? புதன் மதியம் திரையரங்கம் எதற்கு? தேதி எழுதினால் ஆண்டும் எழுத வேண்டும்.

உன் அம்மா

மார்ச் 5

அம்மா,

மருந்துக் கடைச் செய்தியைப் பார்த்துவிட்டு விடுதிக் காப்பாளரை அழைத்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால், "உங்கம்மாகிட்ட பேசும்மா, உனக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு பதறுறாங்க" என்றார். மாத்திரை என் அறைத்தோழிக்கு வாங்கியது.

என் பெயரில் புதுக் கணக்குத் தொடங்கிவிட்டேன். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வருமானம் போதும். அப்பாவின் கணக்கை மூடிவிடுங்கள். பதில் வேண்டாம்.

மார்ச் 23, 2023

அன்பு மகளுக்கு,

பதில் வேண்டாம் என்றாய். உன்னை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்தேன். மன்னித்துக்கொள். எழுதிப் பழகாத சொல் இது.

பதினெட்டு நாளாகக் கைபேசியில் சத்தமில்லை. பழுதோ என்று கடைக்கு எடுத்துப்போனேன். "போன் நல்லாத்தான் இருக்கும்மா. உங்களுக்கு யாரும் எதுவும் அனுப்பலை" என்றார் கடைக்காரர்.

எட்டு பத்துக்கு அது ஒலித்தால் நீ எழுந்துவிட்டாய் என்று பொருள். அதன்பின்தான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். அதோடு நின்றிருக்க வேண்டும். கேள்வி கேட்டது என் தவறு.

கணக்கை மூடும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. மாதக் கடைசியில் வங்கியில் கொடுத்துவிடுகிறேன்.

உன் அம்மா

மார்ச் 27, 2023

அன்புள்ள அம்மாவுக்கு,

படிவத்தைக் கொடுக்காதீர்கள். மற்றச் செலவெல்லாம் என் கணக்கில்தான். அதைப் பற்றிக் கேட்கக் கூடாது. காலைத் தேநீர் மட்டும் அப்பாவின் கணக்கில்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதுக்குத்தான் எழுவேன். அதுவரை காத்திருக்காமல் அடுப்பைப் பற்றவையுங்கள்.

உங்கள் மகள்