கம்பிக் கதவுக்குள் ஒரு கோட்டை

கோவில்பத்து,
காரைக்கால்.

அன்புள்ள எழிலனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா உமாவும் சுகம், அங்கே பிரான்சுக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க மாரியம்மன் துணை. முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஓர் எழுத்து குண்டாகவும் அடுத்தது ஒல்லியாகவும் வருகிறது, கோடு போட்ட தாளில்கூட வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது. ஆனாலும் இது நானே எழுதும் முதல் கடிதம், வேறு யார் கையும் படவில்லை. எழுத எழுத எனக்கே சிரிப்பு வருகிறது.

துபாயை விட்டு வந்துவிட்ட அடுத்த வீட்டுத் தமீம் அன்சாரிதான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். உமா ஆபீசுக்குப் போகும்போது கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விடுகிறாள், அதனால் அவன் நாற்காலி வெளியே, என் நாற்காலி உள்ளே. நான் முதலில் படித்தது என்ன தெரியுமா, உன் பொம்மைச் சிப்பாய்ப் பெட்டிகளில் நீ எழுதி ஒட்டிய பெயர்கள். ஈட்டிக்காரர், துப்பாக்கிக்காரர், குதிரைப்படை. விரல் கணு அளவு ஆளுக்கு மீசைகூட வரைந்திருக்கிறாயே, அதைப் பார்த்து ஒரு பகல் முழுக்கச் சந்தோஷப்பட்டேன். இத்தனை வருஷம் அதை விளையாட்டுச் சாமான் என்று பரணில் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது மேசையைக் கதவோடு ஒட்டிப் போட்டு அந்தச் சிப்பாய்களை வைத்து நாங்கள் சண்டை போடுகிறோம். பெட்டியோடு இருந்த உன் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிற 1693ஆம் வருஷச் சண்டை, ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர் புதுச்சேரிக் கோட்டையை வளைத்தது. உள்ளே இருப்பதால் நான் பிரெஞ்சுக்காரன், வெளியே இருப்பதால் அவன் ஒல்லாந்தன், கம்பி இடுக்கில் கையை விட்டுப் பகடை உருட்டுகிறான். முதல் ஆட்டத்தில் என் ஈட்டிக்காரரை நாற்று நடுகிற மாதிரி நாலு விரல் இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தினேன், காற்றோட்டம் வேண்டாமா. அவன் குதிரைகள் நடுவில் புகுந்து எல்லாவற்றையும் சாய்த்துவிட்டன. அண்ணே, இது என்ன சம்பாப் பயிரா, தூர் கட்ட எடம் உட்டு நட்டிருக்கீங்க, தோளோட தோள் ஒட்டி நிக்கணும்ணே என்று அவன் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு ஒட்டித்தான் நிறுத்துகிறேன், இன்னும் கோட்டை விழவில்லை. நேற்று அவன், ஒங்கள புடிக்க எனக்கு எதுக்குங்க பீரங்கி, அதான் ஒங்க பொண்ணே பூட்டிட்டுப் போயிட்டாங்களே என்றான். நானும் சிரித்தேன். அவன் மத்தியான லுஹர் தொழப் போன பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சிரிப்பு வரவில்லை. பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டு வரும் தையல்நாயகி மத்தியைக் கம்பி வழியே நீட்டி, ஐயாவுக்கு ஜெயில்லயும் மீன் சாப்பாடுதான் என்கிறாள்.

வயலைப் பார்க்கத் தனியாக பஸ் ஏறி விழிதியூர் போய் வாய்க்கால் கரையில் விழுந்தது என் தப்பு. இடுப்பு ஆறும்வரை பூட்டி வை என்று நீ உமாவிடம் சொன்னதும் நியாயம். ஆனால் இடுப்பு ஆறிவிட்டது, டாக்டரே நடக்கச் சொல்கிறார். உமாவைக் கேட்டால், தம்பி சொல்லட்டும்ப்பா, நாளைக்கு விழுந்தீங்கன்னா நான்தானே பதில் சொல்லணும் என்கிறாள். போனில் உன்னைக் கேட்டால், பாக்கலாம்ப்பா, சாப்டீங்களா என்று பேச்சை மாற்றுகிறாய். காகிதத்தில் அப்படி மாற்ற முடியாதே, இதற்காகத்தான் எழுதப் படித்தேன் என்றுகூட வைத்துக்கொள்.

அந்தக் காலத்தில் நன்றாகத் தாக்குப்பிடித்த கோட்டைக்காரன் பணிந்தால் அவனை அவமானப்படுத்த மாட்டார்களாம். மேளம் அடித்து, கொடி பிடித்து, ஆயுதத்தோடு வாசல் வழியே நடந்து போக விடுவார்களாம். உன் புத்தகத்திலிருந்து அன்சாரி படித்துச் சொன்னான். நானும் பணிகிறேன், கேட்டுக்கொள். விழிதியூருக்குத் தனியாகப் போக மாட்டேன். மழையில் இறங்க மாட்டேன். கைத்தடி இல்லாமல் படி தாண்ட மாட்டேன். அதற்குப் பதிலாகச் சாவி உள்பக்கம் ஆணியில் தொங்க வேண்டும். கைத்தடி என் ஆயுதம், தோள் துண்டு கொடி, மேளத்துக்கு அன்சாரி எவர்சில்வர் தட்டைத் தட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அக்காவுக்கு ஒரு போன், அவ்வளவுதான் நீ செய்ய வேண்டியது.

வேளைக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. நீ ஊருக்கு வந்தால் ஒல்லாந்தனாக என் எதிரே உட்கார், ஆனால் உன் நாற்காலி உள்ளேதான் இருக்கும். இந்தக் கடிதத்தைக் கம்பி வழியே அன்சாரியிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். அடுத்த வாரம் எழுதும் கடிதத்தை நானே நடந்து போய்ப் பெட்டியில் போடுவேன்.

உன் அப்பா,
வி. உத்திராபதி
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)