காது மெசினும் கடைத் திறப்பும்

வாழைச்சேனை
தை 19

அன்பு மகன் நிதுர்ஷனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

போன செவ்வாய்க்கிழமை உன் தங்கச்சி யசோதினி என்னை மட்டக்களப்புக்குக் கூட்டிப்போய் மூளையைச் சோதிப்பித்தாள். மூளை இப்போதைக்குச் சரி, காதுதான் இரண்டும் பழுது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் சுகம் விசாரிக்கிறேன், இல்லாவிட்டால் நீ மற்ற வரிகளைப் பாய்ந்து பாய்ந்து வாசிப்பாய். நீயும் மருமகளும் பேரனும் அந்த டென்மார்க் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கண்ணகை அம்மன் துணை நிற்கட்டும். இங்கே நானும் உன் தங்கச்சியும் நடமாட்டமாக இருக்கிறோம். மாரி இன்னும் விட்டபாடில்லை, கடையில் விற்கக் கதிரவெளியிலிருந்து வந்த கட்டாமீன் கருவாடு ஈரத்தோடு கிடக்கிறது, இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தரம் எழும்பிப்போய் வெயில் வருகிறதா என்று பார்த்துவிட்டேன்.

நீ தங்கச்சியிடம் போனில் சொன்னதை அவள் மறைக்கவில்லை. அம்மாவுக்குப் பெரியம்மாவின் மறதி வருத்தம் தொடங்கிவிட்டது, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் மறுமொழி சொல்கிறா, கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லு என்றாயாம். கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம்தான் கூட வந்தது, அதை உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவது. உன் பெரியம்மா சீதேவி அக்கா கடைசி ஐந்து வருசம் இருந்த இருப்பை நீ போட்டோவில்தான் பார்த்தாய். நான் சோறு தீத்தும்போது என் முகத்தைப் பார்த்து, நீங்க ஆரு புள்ள, மாங்கேணியில இருந்தா வாறயள் என்று கேட்பா. கூடப் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா மனே அது. அக்கா போன நாளிலிருந்து நான் காலையில் கண் விழித்ததும் உங்கள் எல்லோருடைய பிறந்த திகதியையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பாயை விட்டு எழும்புவேன். ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்லாமல் இருந்தேன். உன் போனை எடுக்காதது மறதியால் இல்லை, நீ பேசுவது எனக்குக் கேட்பதில்லை. பக்கத்து வளவில் ஐஸ் உடைக்கிற மெசின் இருபது வருசமாக ஓடுகிறது, அது தின்றது போக மிச்சக் காதுதான் எனக்கு. கடையில் யாரும் விலை பேச வந்தால் கல்குலேட்டரைத் தள்ளிவிட்டு, வாயால வேணாம், அடிச்சுக் காட்டு என்பேன், தெய்வமணி கறார்க்காரி என்று பெயரும் வந்தது. கோயில் கூட்டத்துக்கும் கலியாண வீட்டுக்கும் போவதை விட்டுவிட்டேன், ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டு இருப்பது மூட்டை தூக்குவதைவிடக் களைப்பு.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளை மாஸ்க்குக்குள்ளிருந்து கேள்வி கேட்டது, நான் வழக்கம்போலத் தலையை ஆட்டி வாயில் வந்ததைச் சொன்னேன். புள்ளி முப்பதுக்குப் பதினாறு. யசோதினியின் கண் நிறைந்துவிட்டது. அதைக் கண்டதும் வெட்கத்தை விட்டு, புள்ள, எனக்குக் காது கேக்கிறல்ல, எழுதித் தா என்றேன். அந்தப் பிள்ளை மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக எழுதிக் காட்டித் திரும்பக் கேட்டது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது கருவாட்டுக்காரிக்குப் பெரிய வேலையா, அது குறிக்குமுன்னம் நான் முடித்துவிட்டேன். இருபத்தேழு வந்தது. முதலில் காட்டிய மூன்று சொல்லைக் கொஞ்சம் பொறுத்துக் கேட்டபோதுதான் ஒன்று மட்டும் வந்தது, மற்ற இரண்டும் வரவேயில்லை. வயதுக்கு அது பரவாயில்லையாம். எனக்கு அது இன்னும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

காது கேளாமல் ஆட்களோடு பறையாமல் ஒதுங்கினால் மூளைக்கு வேலை குறைந்து, அந்த வருத்தம் வரும் வாய்ப்புக் கூடுமாம். பிறஷரும் சீனி வருத்தமும் அப்படித்தானாம். வராது என்று உறுதி தரமாட்டேன் அம்மா, வாற வாய்ப்பைக் குறைக்கலாம் என்று டொக்டர் பிள்ளை சொன்னது. உறுதி தராத ஆளைத்தான் நான் நம்புவேன். பிறஷர் பார்த்தால் நூற்றெண்பது. பிறஷருக்கு விழுங்குகிற குளிசை எங்கே என்று கேட்டது. அம்மன் சடங்குக்குக் கோயில் கதவு திறந்த அன்று விரதம் என்று நிறுத்தினேன், கடைசி நாள் குளிர்த்தி முடிந்தும் தொடங்கவில்லை, ஏழு மாதம். அக்காவும் வருசா வருசம் இதைத்தான் செய்தா, நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்தோம். அம்மன் ஒருநாளும் குளிசையை நிறுத்தச் சொல்லவில்லை, நாங்களாகச் செய்தது. உப்பைக் குறை, கருவாட்டைக் குறை என்றது, அதுவும் என்னிடம்! வீட்டில் சும்மா இருக்கட்டுமா என்று உனக்காகக் கேட்டேன், ஐயோ அதை மட்டும் செய்ய வேணாம் என்றது.

அன்றைக்கே காதையும் சோதித்து வாங்கிய காது மெசினைப் போட மூன்று நாள் மனம் வரவில்லை. காது போனவள் என்று தெரிந்தால் சந்தையில் என்னை ஏய்ப்பார்கள் என்று நினைத்தேன். போட்டுக்கொண்டு போன முதல் நாளே, கொழும்புக்கு லொறியில் சரக்கு ஏற்றுகிற நம்முடைய மர்சூக் காதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். என்னக்கா, இவ்வளவு காலமும் உங்களுக்கு முன்னால வெச்சே உங்களப் பத்திப் பறைஞ்சமே, இனி வெளிய போயெல்லுவா பறையணும் என்றான். ஊருக்கே தெரிந்திருக்கிறது மனே, எனக்கு மட்டும்தான் அது ரகசியம். வந்த ஆத்திரத்தில் அவனுக்குக் கிலோவுக்கு ஐம்பது ரூபா கூட்டித்தான் சரக்கை விட்டேன்.

உனக்கும் நாற்பத்திரண்டு ஆகிறது. இது கிழடுகளின் வருத்தம் என்று இராதே, நடு வயதிலேயே கவனிக்க வேணுமாம். பிறஷரை ஒருதரம் பார்ப்பி, சிகரெட்டை விடு, சைக்கிள் ஓடும்போது ஹெல்மெட் போடு, இரவு வேலை முடிந்து வந்தால் போனை நோண்டாமல் நித்திரை கொள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் எடு, உன் வாயைப் பார்த்தால் எனக்கு நன்றாக விளங்கும். பேரனுக்கு என் முத்தம். மூவரும் நீடூழி வாழ வேண்டும்.

யசோதினியோடு இழுபறிப்பட்டுப் பேசி முடித்ததை உனக்கும் எழுதி வைக்கிறேன். கடை இருக்கும், பகல் ஒரு மணி வரைக்கும் நான் இருப்பேன். காது மெசினைப் படுக்கும் வரை கழற்றமாட்டேன். சடங்கு வந்தாலும் குளிசை நிற்காது. கருவாடு கிழமைக்கு ஒருநாள். பின்னேரம் ஆற்றங்கரையால் அரை மணித்தியாலம் நடை. ஆறு மாதத்துக்கு ஒருதரம் அதே பிள்ளையிடம் அதே சோதனை. இருபத்துநாலுக்குக் கீழே இறங்கினால் என் இடுப்பில் தொங்கும் கடைத் திறப்பு யசோதினியின் கைக்குப் போகும், அன்றைக்கு நான் தரமாட்டேன் என்று சண்டை பிடித்தாலும் அவள் பறித்து எடுக்க வேண்டும், நீ அவள் பக்கம் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
க. தெய்வமணி