அய்யாவுவின் குரலில் பேசுவது என் வீட்டுக் கிளி

அனுப்புநர்:
கி. தர்மலிங்கம்,
முன்னாள் ரப்பர் ஸ்டோர் கணக்குக் கிராணி, இந்நாள் மரவள்ளி நடுபவன்,
இரண்டாவது லயம், கடைசி வீடு,
ஏழாங்கட்டைத் தோட்டம்,
மெர்போக் வட்டாரம், கெடா.

பெறுநர்:
ஆள்சேர்ப்பு அதிகாரி அவர்கள்,
சுங்கை பட்டாணி.
(மொழிபெயர்ப்பாளர் ஐயா வழியாக)

பொருள்: சயாம் ரயில் பாதை வேலைக்குச் சென்ற அய்யாவு என்பவரை நான் என் வீட்டில் ஒளித்து வைத்திருப்பதாகக் கூறும் உத்தரவு – வீட்டில் இருப்பது அவர் வளர்த்த கிளி மட்டுமே என்பது – உத்தரவை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

தினமும் காலையில் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கு நோக்கிக் குனிவதைப் போலவே இப்போதும் குனிந்து வணங்கி, கீழே கையொப்பமிட்டவன் எழுதிக்கொள்வது.

1. சென்ற திங்கட்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் திரு. பரஞ்சோதி தங்கள் உத்தரவை உரக்க வாசித்தார். அய்யாவு வேலையிடத்தை விட்டு ஓடிவிட்டார் என்றும், என் வீட்டில் ஒளிந்திருக்கிறார் என்றும், அடுத்த லாரி வருவதற்குள் அவரை நான் ஒப்படைக்காவிட்டால் அவருக்குப் பதிலாக என்னையே சயாமுக்கு ஏற்றுவார்கள் என்றும் அதில் இருந்தது. இத்தனை வருடத்தில் என் பெயரை யாரும் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. ஆனாலும் அதற்காகச் சந்தோஷப்பட முடியவில்லை. மனைவி நவமணிதான் என்னை வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

2. ஓடி வந்தவரை ஒளித்து வைக்கும் அளவுக்குத் தைரியம் உள்ளவன் என்று என்னை நினைத்ததற்கு முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தவர்கள் தாங்கள் மட்டுமே. மெர்போக் காவல் சாவடியில் சிப்பாய்க்குக் குனியாமல் போனதற்காக ஒருமுறை அறை வாங்கியதிலிருந்து நான் எதிலும் சந்தேகத்துக்கு இடம் வைப்பதில்லை. சுவரில் சாய்த்திருந்த ஒரு சைக்கிளின் மேல் காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதற்கும் நன்றாகக் குனிந்துவிட்டுத்தான் போனேன். இதற்குச் சாட்சிகள் உண்டு. அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

3. தவிரவும், என் வீடு ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் கொண்டது. அதில் ஐந்து கிளிகள் குடியிருக்கின்றன. அவை போக மிஞ்சிய இடத்தில் நவமணியும், அவள் போக மிஞ்சிய இடத்தில் நானும் இருக்கிறோம். எனக்கே ஒளிய இடமில்லாத வீட்டில் இன்னொருவரை எங்கே ஒளிப்பது என்பதைத் தங்கள் மேலான சிந்தனைக்கு விடுகிறேன்.

4. கிளிகள் வந்த விதம் பற்றி: போர் வந்தபோது பழைய வெள்ளைக்காரத் துரை ஓடிய அவசரத்தில் ஒரு கிளியைக் கூண்டோடு விட்டுவிட்டார். பட்டினியாகக் கிடந்ததை நவமணி தூக்கி வந்தாள். பெயர் துரைசாணி. அது பேசிவந்த சில ஆங்கிலச் சொற்கள் இந்தக் காலத்துக்கு ஒத்து வராதவை என்பதால் மிகவும் பாடுபட்டு மறக்கடித்துவிட்டோம். இப்போது அது யாருடனும் பேசுவதில்லை, என்னைக் கடிப்பதோடு சரி. அடுத்து, அரசாங்க உத்தரவுப்படி மரவள்ளி நடுவதற்குக் காடு வெட்டும்போது நான் சாய்த்த பட்டமரத்தின் பொந்தில் மூன்று குஞ்சுகள் இருந்தன. கண் திறக்காதவை. மரத்தை வெட்டியவன் நான்தான் என்பதால், கிராணி வேலைக்குப் போட்டுக்கொள்ளும் என் ஒரே தொப்பியை நவமணி அவற்றுக்குக் கூடாக்கிவிட்டாள். குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. பகலில் வெளியே பறந்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புகின்றன. தொப்பி மட்டும் எனக்குத் திரும்பவில்லை.

5. ஐந்தாவது கிளியான சின்னான்தான் இந்த வழக்கின் மூலகாரணம். அதைக் குஞ்சிலிருந்து வளர்த்தவர் அய்யாவு. ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடித்து, பிறகு விறகும் வெட்டி, மாலையில் வீடு திரும்பும்போது வாசலிலேயே இரண்டு முறை இருமிவிட்டு, “ராக்காயி, வந்துட்டேன்! சுடுதண்ணி வெச்சியா?” என்று கேட்பது அவர் வழக்கம். ராக்காயி அவர் மனைவி. தினமும் இதைக் கேட்டு வளர்ந்த சின்னான், இருமல் உட்பட அப்படியே சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அய்யாவுதான். கண்ணைத் திறந்து பார்த்தவர்கள் கூட இரண்டாவது முறை கூண்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

6. சென்ற மே மாதம் அய்யாவு லாரி ஏறினார். மூன்று மாத வேலை என்று சொல்லி ஏற்றினார்கள். அவர் போன பிறகும் கிளி பொழுது சாய்ந்தால் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ராக்காயி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இத வச்சிக்கிட்டு என்னால பொழுது சாய்க்க முடியலக்கா” என்று நவமணியிடம் கூண்டைக் கொடுத்துவிட்டாள். அன்று முதல் என் வீட்டுக்கு மாலையில் அய்யாவு வருகிறார். அதாவது, கிளி பேசுகிறது. தாங்கள் முந்தைய வாக்கியத்தைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

7. இனி மண்டோர் அவர்கள் கேட்டது பற்றி. போன மாதம் எனக்கு அம்மை போட்டிருந்தது. குழந்தைகளுக்கு வரும் நோய் எனக்கு நாற்பத்திரண்டு வயதில் வந்தது. எதிலும் நான் பிந்தித்தான். நவமணி வாசலில் வேப்பிலை செருகியிருந்தாள். வேலைக்கு வராதவர்களைப் பார்த்துப்போக வந்த மண்டோர், வேப்பிலையைக் கண்டதும் கால்வாய்க்கு அப்பாலேயே நின்றுவிட்டார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆத்தா இறங்கியிருக்கும் வீட்டுக்குள் எங்கள் ஆட்களில் வெளியார் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அங்கிருந்தே, “உள்ள யாருலா?” என்று குரல் கொடுத்தார். நவமணி கிணற்றடியில் இருந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சின்னான் இரண்டு முறை இருமிவிட்டு, “வந்துட்டேன்!” என்றது.

8. நான் உடனே “அது கிளி” என்று சொல்ல முயன்றேன். தொண்டைக்குள்ளும் அம்மை இருந்ததால் வார்த்தை வரவில்லை. ஒருவர் வாயை இன்னொருவர் பொத்தினால் வருவது போன்ற ஒரு சத்தம்தான் வந்தது. மண்டோர் அதையும் கேட்டிருக்கிறார். அடுத்த வீட்டு அம்மாசியிடம், “அய்யாவு குரல் இங்க கேக்குதா?” என்று விசாரித்திருக்கிறார். அம்மாசி பொய் பேசாத மனுஷி. “தினமும் பொழுது சாய கேக்குதுங்க” என்று சொல்லியிருக்கிறாள். கேட்பது ஆளா கிளியா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கமும் அவளுக்கு இல்லை.

9. உத்தரவு வாசித்த அன்றே கூண்டைத் தூக்கிக்கொண்டு மண்டோர் வீட்டுக்குப் போனேன். அது உச்சி வெயில் நேரம். சின்னான் அவர் வீட்டு வாழைப்பழத்தைத் தின்றதே தவிர வாயைத் திறக்கவில்லை. நானே இருமிக் காட்டினேன். “ராக்காயி, வந்துட்டேன்” என்று நானே சொல்லியும் காட்டினேன். அவருடைய மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கிளியைக் காட்டப் போனவன் பைத்தியக்காரனாகத் திரும்பி வந்தேன்.

10. மறுநாள் மாலையில் மண்டோர் பெரிய மனது வைத்து எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். கிளி பேசியதைத் தன் கண்ணால் பார்த்தார். ஆனாலும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “கிளி தினம் கேக்குறதத்தானே சொல்லும்? அப்ப ஆளு உள்ளதான் இருக்கான்” என்று சொல்லிவிட்டார். அந்த வாதம் என்னைத் திகைக்க வைத்தது. ஆனால் அது உண்மையானால் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். “நவமணி, கோப்பி இருக்கா?” என்று நான் அதே வீட்டில் காலையும் மாலையும் கேட்கிறேன். ஐந்து கிளிகளில் ஒன்றுகூட இதுவரை அதைச் சொன்னதில்லை. மண்டோர் கணக்குப்படி அந்த வீட்டில் இல்லாதவன் நான்தான். இல்லாதவனை எப்படி லாரியில் ஏற்றுவீர்கள்?

மொழிபெயர்ப்பாளர் ஐயா, மேற்கண்ட கேள்வி அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் விட்டுவிடுங்கள். மற்றதை விட வேண்டாம்.

11. பரிகாசத்தை நிறுத்திவிட்டு ஒன்று சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. சயாமுக்குப் போன எங்கள் லயத்து ஆட்களில் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை. நவமணி என் இரண்டு வேட்டியையும் துவைத்து மூட்டை கட்டி வைத்துவிட்டாள். கட்டும்போது அழுதாள். கிளிகளுக்குத் தீனி தேட ஆள் போய்விடுமே என்று அழுதாயா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என் கேலிக்குப் பதில் சொல்லாமல் விட்டது அன்றுதான்.

12. இனி எழுதுவது என் வழக்குக்கு உதவாது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நவமணி எழுதச் சொன்னாள்.

உத்தரவு வாசிக்கப்பட்டபோது களத்தில் பெண்கள் எல்லாரும் எனக்காக அழுதார்கள். ராக்காயி ஒருத்தி மட்டும் சிரித்தாள். அவளுக்கு மே மாதத்திலிருந்து ஒரு கடிதம் இல்லை, ஒரு சேதி இல்லை. கிளியைக் கொடுத்துவிட்டாளே தவிர, நெருப்புக் கங்கு கேட்பது போல மாலைதோறும் எங்கள் குசினிப் பக்கம் வந்து நின்று அது பேசி முடித்த பிறகுதான் போவாள். சாப்பாட்டையும் விட்டிருந்தாள். அப்படிப்பட்டவள் அன்று நவமணியிடம் ஓடி வந்து, “ஓடிட்டாராம்க்கா! சர்க்காரே சொல்லிருச்சு. ஓடுறாருன்னா காலு ரெண்டும் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?” என்றாள். என் வீட்டில் இருப்பது கிளி என்பது அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் ஓடிவிட்டார் என்பது சயாமிலிருந்து வந்த சேதி என்று நம்புகிறாள். காட்டு வழியாக வருவதால் நாளாகிறதாம். அன்றிலிருந்து இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள். பொழுது சாய்ந்தால் அடுப்பில் தண்ணீர் காய்கிறது.

13. ஆகவே, ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். அய்யாவு ஓடிவிட்டார் என்பது சயாமிலிருந்து தங்களுக்கு வந்த தகவலா? அல்லது என் வீட்டுக் குரலைக் கேட்டு, இங்கே இருக்கிறார் என்றால் அங்கிருந்து ஓடித்தானே வந்திருக்க வேண்டும் என்று இங்கேயே எழுதிக்கொண்டதா? குரல் கிளியுடையது என்று நான் நிரூபித்தால் எனக்கு விடுதலை. அதே நிரூபணம் அந்தப் பெண்ணின் அடுப்பையும் அணைத்துவிடக்கூடும். எனக்குச் சயாமுக்குப் போக மனமில்லை. அவளுக்கு உண்மையைச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. இரண்டுக்கும் பயந்தவன்தான் இந்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

14. மேற்கண்ட காரணங்களால் நான் பணிவுடன் வேண்டிக்கொள்வது:

தாங்கள் நம்பும் ஒருவரை ஏதாவது ஒரு மாலையில் என் வீட்டுக்கு அனுப்பிக் கிளியைக் கேட்கச் செய்யுங்கள். வேப்பிலையை எடுத்துவிட்டோம், தாராளமாக உள்ளே வரலாம். துரைசாணியிடம் மட்டும் விரலை நீட்ட வேண்டாம்.

குரல் கிளியினுடையது என்று தெளிந்தால், அய்யாவுக்குப் பதிலாக என்னை ஏற்றும் கட்டளையை நீக்கி என்னை என் மனைவியோடும் கிளிகளோடும் விட்டுவிடுங்கள்.

அய்யாவு ஓடிவிட்டார் என்ற சேதி மெய்யாகவே சயாமிலிருந்து வந்திருந்தால், அதை ஒரே ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். பெரட்டுக் களத்தில் நானே உரக்க வாசிக்கிறேன். அப்படிச் சேதி எதுவும் வரவில்லை என்றால், அந்தக் கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டியதில்லை. உத்தரவில் என் பெயரை மட்டும் அடித்துவிடுங்கள். அவர் ஓடிவிட்டார் என்ற வரியை அடிக்காதீர்கள்.

இடம்: ஏழாங்கட்டைத் தோட்டம், மெர்போக்
நாள்: 2603 (பழைய கணக்கில் 1943), செப்டம்பர் 11

தங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும்,
கி. தர்மலிங்கம்
(ஒப்பம்)