குழாயடியில் கூடிய மாதர் சங்கம்

என் அன்பு எஸ்தர் மதனிக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. நாம் இருவரும் ஏறிப்போகும் தாதர் டிராமைக்கூட நிறுத்திவிட்டார்கள். தாராவியில் நீங்கள் தொடங்கிய மாதர் சங்கத்தையும் அப்படி நிறுத்திவிடலாம் என்று நம் சபையில் சிலர் நினைத்தார்கள். அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

எல்லாம் ராஜாமணியால் வந்தது. புருஷன் அடித்துக் கை முறிந்தவளை நீங்கள்தானே வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள்? உங்களுக்குப் பிறகு என்னோடு வைத்துக்கொண்டேன். அவள் மாமனார் சபை மூப்பர் அல்லவா? உங்களை அடக்கம் செய்த இரண்டாம் வாரமே சபைக் கமிட்டியின் செக்ரட்டரி வந்து நின்றார்.

“எஸ்தரம்மா போயாச்சி. இனி பொம்பளைங்க கூட்டத்த கமிட்டி பாத்துக்கிடும். மொதல்ல அந்தப் பிள்ளைய மாமியார் வீட்டுக்கு அனுப்புங்க.”

“அனுப்ப மாட்டேன். கூட்டத்தையும் விட மாட்டேன்.”

“அப்பம் கோயில் கூடத்துல ஒங்களுக்கு எடம் கெடையாது.”

அண்ணனும் அந்தக் கமிட்டியில்தான் இருக்கிறார். வாயே திறக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அவரை என்ன கேட்டிருப்பீர்கள்?

புதன்கிழமை மத்தியானம் போனால் கூடம் பூட்டிக் கிடந்தது. யார் பாடுவது, யார் வேதம் வாசிப்பது, எந்த நோயாளியைப் பார்க்கப்போவது என்று முதல்முறையாக நானே திட்டம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். வெயிலில் பதினான்கு பெண்கள். தோல் கிடங்கில் வேலைபார்க்கும் மரியாள்தான் சொன்னாள்:

“கூடத்துக்குள்ள இருந்தாத்தான் ஆண்டவருக்குக் காது கேக்குமாக்கும்? குழாயடிக்கு வாங்க. தண்ணி வர இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு.”

வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தோம். வரிசையில் நின்ற மராத்திக்காரி ஒருத்தி தன் குடத்தை நகர்த்தி இடம் விட்டாள். வாரத்துக்கு வாரம் ஆள் கூடி முப்பதைத் தாண்டிவிட்டோம்.

பெண்களே முன்னின்று ஆராதனை நடத்தும் பெண்கள் ஞாயிறு இந்த ஆண்டு கிடையாது என்று கமிட்டி அறிவித்தது. வழக்கமாக அது வரும் ஞாயிறன்று, ஆராதனையில் அறிவிப்புகள் வாசித்து முடித்ததும், நாங்கள் பேசிவைத்தபடி, ராஜாமணி எழுந்து முன்னால் போனாள்.

“நான் ஜெபிக்கணும்.”

“உக்காரு!” மாமனார் கத்தினார்.

“இவ்வளவு நாளும் உக்காந்துதான மாமா இருந்தேன்.”

நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். போதகர், “ஜெபிம்மா” என்றார். மூப்பர் குடும்பம் வெளியே போய்விட்டது. அண்ணன் அவர்களோடு போகவில்லை; எங்களோடு எழுந்தும் நிற்காமல் உட்கார்ந்தே இருந்தார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை கூடம் திறந்திருந்தது. நாங்கள் குழாயடிக்கே போனோம். அங்கே சேர்ந்த பாதிப்பேர் கோயில் படியேறத் தயங்குகிறவர்கள். அவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது?

ராஜாமணி செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்திருக்கிறாள். புருஷன் இரண்டுமுறை வழிமறித்தான். இப்போது காலையிலும் மாலையிலும் சங்கத்துப் பெண்கள் இருவர் முறைவைத்து அவளோடு பஸ் நிறுத்தம்வரை நடக்கிறோம். “எத்தன நாளைக்கி இப்பிடி?” என்று செக்ரட்டரி கேட்டார். அவன் சலித்துப்போகும்வரை என்றேன். நாங்கள் சலிக்க மாட்டோம், மதனி. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் நாத்தனார்,
கிருபை