நான் கிழித்த அட்டை

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது.

உன் மாமியாருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. பேத்திக்குப் பல் விழுந்த கதையைப் படித்து இரண்டு பேரும் சிரித்தோம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊர் ஊராய் அலைந்து சேர்த்த நாட்டுப்புறக் கதைகளை என் பையன் முப்பது பிரதிதான் போட்டான். முப்பதுக்கும் அட்டையைக் கையாலேயே வரைந்தான். வீடு மாறியதில் உன் பிரதி தொலைந்துவிட்டது, அப்பா வரைந்த படத்தைக் காட்டு என்று குழந்தை கேட்கிறாள், உங்கள் நூலகத்தில் ஒன்று இருக்குமே, அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய்.

அலமாரி அலமாரியாகத் தேடினேன். கடைசியில் நூலகர் அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, "அது போன வாரமே பைண்டிங்குக்கு உங்க மேசைக்கு வந்துடுச்சே" என்றார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். இப்போது அந்த வெண்ணெயும் இல்லையம்மா.

எங்கள் வேலை உனக்குத் தெரியும். நைந்த புத்தகங்களைக் குப்புற அடுக்கி, பழைய அட்டையை ஈரப் பஞ்சால் நனைத்துப் பிய்த்துக் கூடையில் போடுவோம். பிறகு கெட்டி அட்டை, காலிகோ துணி. முன்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

திருப்பிப் பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. இதை உன் மாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. முதல் பிரதியை அவன் கொண்டுவந்தபோது, படம் சோறு போடுமா என்று கேட்டேன். "ஒரு தடவை பாருங்கப்பா" என்றான். பார்க்காமலே சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வருஷம் அவனே கண்ணை மூடிவிட்டான். அதன்பிறகு நூலகத்தில் அதைத் தேடிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பழைய பேப்பர் கடைக்குப் போய்ச் சாக்குகளைக் கொட்டித் தேடினேன். அந்த வாரத்துக் காகிதமெல்லாம் ஆலைக்குப் போய்விட்டதாம். உள்ளே உன் கதைகள் பத்திரமாக இருக்கின்றன. நன்றாகத்தான் தைத்திருக்கிறேன், இந்தப் பாழாய்ப்போன கையால்.

அட்டையைப் பிய்த்த அன்று விரலெல்லாம் நீலமாகிவிட்டது. மட்டமான சாயம் என்று திட்டிக்கொண்டே துடைத்துப் போட்டேன்.

அட்டையில் என்ன வரைந்திருந்தான் என்று எழுதம்மா. அந்த நீலம் வானமா, தண்ணீரா? குழந்தைக்கு எப்படிச் சொல்வாயோ, அப்படியே எனக்கும் சொல். நீங்கள் இருவரும் நன்றாக இருக்கவேண்டும்.

உன் மாமா