கேட்டில் கைமாறிய சாவி

மரியாதைக்குரிய ஆராய்ச்சிக்கார அம்மாவுக்கு,

பிஸ்கட் கம்பெனி அடுப்புக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும், வேறு ஊரில் வேலை என்று சொன்னீர்களே உங்கள் வீட்டுக்காரர், அவரும் சுகமாக இருக்க வேண்டும்.

என்னை ஞாபகம் இருக்கிறதா? எங்கள் கம்பெனிக்கு ஆராய்ச்சிக்கு வந்தபோது, 'வேலை எப்படிப் போகுது?' என்று நீங்கள் கேட்க, அடுப்பில் ஆரம்பித்து என் மாமனார் வாங்கிய நொண்டிக் கழுதை வரைக்கும் போனேனே, அந்த ஆள்தான். உங்கள் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. அந்தக் கழுதையும் சாமானியப்பட்டதில்லை. எனக்கு எழுத வராது. நான் சொல்ல என் வீட்டுக்காரி எழுதுகிறாள். 'கழுதைய அவுத்து விட்டுட்டு விஷயத்துக்கு வாங்க' என்கிறாள். வருகிறேன்.

அப்போது எனக்கு இரவு ஷிப்ட், பாக்கிங்கில் இருக்கும் இவளுக்குப் பகல் ஷிப்ட். புருஷன் பெண்டாட்டியை ஒரே ஷிப்டில் போட்டால், ஒருவருக்குத் தும்மல் வந்தாலும் இரண்டு பேரும் லீவு போடுவார்கள் என்று மேனேஜருக்குப் பயம். வீட்டுக்கு இருந்தது ஒரே சாவி. காலையில் கம்பெனி கேட்டில் இவள் கொடுப்பாள், சாயங்காலம் நான் கொடுப்பேன். 'சோறு மூடி வெச்சிருக்கு', 'கேஸ் தீரப்போவுது'. எங்கள் குடும்பப் பேச்சு அவ்வளவுதான்.

நீங்கள் என்னிடம், 'உங்க வீட்டுக்காரம்மா நல்லாத் தூங்குறாங்களா?' என்று கேட்டீர்கள். 'அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா' என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, இவள் தூங்கி நான் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. அன்றைக்கு என் வாயை மூட வைத்தது நீங்கள் ஒருவர்தான். சாயங்காலம் கேட்டில் இவளிடமே கேட்டேன். சாவியை வாங்கிக்கொண்டு, 'பாதி ராத்திரி முழிச்சுத்தான் கெடக்கேன். வேலைய விட்டுடலாமான்னு இருக்கு. இப்பத்தான் கேக்கத் தோணிச்சா?' என்று போய்விட்டாள்.

நீங்கள் மேனேஜரிடம் பேசி, எங்களைப் போன்ற ஜோடிகளைக் கொஞ்ச காலம் ஒரே ஷிப்டில் போட்டுப் பார்க்க வைத்தீர்கள். 'அவசரம்னா யாருக்குப் பதில் யார் நிப்பீங்கன்னு இப்பவே பேசி வெச்சுக்குங்க' என்று எங்களிடமும் சொன்னீர்கள். 'ஒரு நாள் வேலை நின்னாலும் பழையபடிதான்' என்றார் மேனேஜர்.

போன மாதம் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். வேலையைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். ஆஸ்பத்திரி பெஞ்சில் மாமியாருக்கு இடுப்புக் கவலை, எனக்கு ஷிப்ட் கவலை. நீங்கள் சொன்னபடி பேசி வைத்திருந்த ஜோடியும் அதற்குள் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள், எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் போனால், அடுப்பு அணையவே இல்லையாம். அந்த மாவு பிசைகிற ஜோடி, முந்தின ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக் கிளம்பினவர்கள், திரும்பி வந்து, அவன் அடுப்பிலும் அவள் பாக்கிங்கிலும் நின்றிருக்கிறார்கள். நன்றி சொல்லப் போனால், அவன் 'நாளைக்கு எங்களுக்கு ஒன்னுன்னா நீ நிக்க மாட்டியா? போய் வேலையப் பாருய்யா' என்று விரட்டினான். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'சரி, இப்படியே இருக்கட்டும்' என்றார். மாமியாரும் எழுந்து நடக்கிறார். என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

இப்போது வீட்டுக்கு வந்தால் சாவி ஆணியில் தொங்குகிறது. பூட்டியது யார் என்று பாதி வழியில் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து போகிறோம். இவள் நன்றாகத் தூங்குகிறாள். குறட்டைகூட விடுகிறாள். 'அத எழுத மாட்டேன்' என்கிறாள்.

அம்மா, நீங்கள் இங்கிருந்து கிளம்புகிற அன்றைக்கு, 'நீங்க எப்ப வீட்டுக்குப் போவீங்க?' என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பைக்குள் எதையோ தேடினீர்கள். இந்த ஒரு வார்த்தையைத் தவிர உங்களுக்கு எங்களால் கொடுக்க வேறு என்ன இருக்கிறது? நீங்கள் தூங்கினீர்களா என்று பக்கத்தில் இருந்து கேட்க ஒரு ஆள் இருக்க வேண்டும். சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள், தாயே.

இப்படிக்கு,
உங்களை மறக்காத அடுப்புக்காரனும்,
குறட்டை விடாத அவன் வீட்டுக்காரியும்.